பழைய வீட்டுக் கணினியில் சேமித்த கடவுச்சொற்கள்: சிக்கல்களும் தீர்வுகளும்

இணைய உலாவி ஒன்று பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே தளத்துக்குச் செல்லும்போது தானாகவே நிரப்பித் தரும் வசதியே கடவுச்சொல் சேமிப்பு ஆகும். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் என எல்லா உலாவிகளிலும் இவ்வசதி உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேல் பழமையான வீட்டுக் கணினிகளில் இது திடீரென்று வேலை செய்யாமல் போவது அடிக்கடி நேர்வது. அப்போதுதான், ஓய்வூதியக் கணக்கு, மின்கட்டணம், பிள்ளைகளின் படங்கள் உள்ள பழைய மின்னஞ்சல் ஆகிய அனைத்தின் சாவியும் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தது என்பது தெரியவரும்.

இக்கட்டுரை விண்டோஸ் 7 இயங்கும் வீட்டுக் கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அதற்கான மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதில் இயங்கும் கடைசிக் குரோம் பதிப்பு 109. கடைசிப் பயர்பாக்ஸ் வரிசை 115 எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. விண்டோஸ் 8, 8.1 கணினிகளுக்கும் இவையே எல்லை. இங்கே கூறப்படும் அடிப்படைகள் புதிய கணினிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கடவுச்சொல் எங்கே இருக்கிறது?

சிக்கலைத் தீர்க்கும் முன் கடவுச்சொல் எங்கே, எப்படி வைக்கப்பட்டுள்ளது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை ஒரு பீரோவோடு ஒப்பிடலாம். பீரோவுக்குள் பொருள் இருக்கிறது. பூட்டுக்குச் சாவி இருக்கிறது. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது மூன்றாவது செய்தி. பீரோ கெடலாம், சாவி தொலையலாம், அல்லது இரண்டும் நன்றாக இருந்தும் நாம் தவறான அறையில் தேடிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு.

குரோம் உலாவி, கடவுச்சொற்களை ‘லாகின் டேட்டா’ என்ற கோப்பில் மறையாக்கம் செய்து வைக்கிறது. அதைத் திறக்கும் சாவியை விண்டோஸ் இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. விண்டோஸ் அந்தச் சாவியை, நீங்கள் கணினிக்குள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல்லோடு பிணைத்து வைக்கிறது. எனவே குரோமின் பீரோ திறக்க வேண்டுமானால், அதே கணினியில் அதே பயனர் கணக்கில் முறையாக நுழைந்திருக்க வேண்டும்.

பயர்பாக்ஸ் முறை வேறு. அது கடவுச்சொற்களை ‘லாகின்ஸ்.ஜேசான்’ என்ற கோப்பிலும், அவற்றைத் திறக்கும் சாவியை ‘கீ4.டிபி’ என்ற கோப்பிலும் வைக்கிறது. இரண்டும் ஒரே சுயவிவரக் கோப்புறையில் இருக்கும். விண்டோஸ் கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பயனர் விரும்பினால் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ என்ற முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வைத்துச் சாவிக்கும் ஒரு பூட்டுப் போடலாம்.

இந்த ஒரு வேறுபாடு பல புதிர்களை விளக்கிவிடும். விண்டோஸ் கடவுச்சொல்லை வலுக்கட்டாயமாக மாற்றிய கணினியில் குரோமில் சேமித்தவை திறக்காமல் போக, பயர்பாக்ஸில் சேமித்தவை அப்படியே இருப்பது இதனால்தான். பழைய வன்தட்டிலிருந்து பயர்பாக்ஸ் கோப்புறையை வேறு கணினிக்கு நகலெடுத்தால் கடவுச்சொற்கள் கூடவே வருவதும், குரோம் கோப்புறையை நகலெடுத்தால் வராததும் இதனால்தான்.

முதலில் செய்யக்கூடாதவை

கடவுச்சொல் காணவில்லை என்றதும் பதற்றத்தில் செய்யும் சில செயல்களே நிலையான இழப்புக்குக் காரணமாகின்றன.

1. உலாவியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ வேண்டாம். நீக்கும்போது பயனர் தரவையும் அழிக்கவா என்று கேட்கும் பெட்டியில் பலர் படிக்காமலேயே சம்மதித்துவிடுகிறார்கள்.

2. கணினியைச் ‘சுத்தம்’ செய்யும் மென்பொருள்களை ஓட்ட வேண்டாம். அவற்றில் சேமித்த கடவுச்சொற்களை அழிக்கும் தெரிவும் இருக்கும்.

3. பயர்பாக்ஸின் முதன்மைக் கடவுச்சொல் மறந்துவிட்டால் அதை மீட்டமைக்க அவசரப்பட வேண்டாம். மீட்டமைத்தால் சேமித்த அனைத்தும் அழிந்துவிடும். முதலில் நினைவுக்கு வரும் எல்லாவற்றையும் பொறுமையாக முயன்று பாருங்கள்.

4. வங்கித் தளத்தில் ஊகமாகக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி அடிக்க வேண்டாம். சில தவறான முயற்சிகளிலேயே கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படும்.

5. தேடுபொறியில் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களை அழைக்க வேண்டாம். அவற்றில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கும். தொலைவிலிருந்து கணினியைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ, கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டாலோ உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

செய்ய வேண்டிய முதல் செயல் நகலெடுப்பதே. உலாவியை முழுவதும் மூடுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ‘ரன்’ பெட்டி வரும். அதில் இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கோப்புறை திறக்கும். அதற்குள் மொசில்லா, அதற்குள் பயர்பாக்ஸ், அதற்குள் புரொபைல்ஸ் என்று செல்லுங்கள். அந்தப் புரொபைல்ஸ் கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகலெடுங்கள். இனி என்ன தவறு நேர்ந்தாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

சிக்கலை இனங்காணுதல்

‘கடவுச்சொல் வேலை செய்யவில்லை’ என்ற ஒரே சொற்றொடர் நான்கு வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும்.

முதல் நிலை: பட்டியலே காலியாக இருக்கிறது. இரண்டாம் நிலை: பட்டியலில் இருக்கிறது, ஆனால் தளத்தில் நிரம்பவில்லை. மூன்றாம் நிலை: நிரம்புகிறது, ஆனால் தளம் ஏற்க மறுக்கிறது. நான்காம் நிலை: உள்ளே நுழைய முடிகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக நுழையச் சொல்கிறது.

எது என்று அறிய, சேமித்த பட்டியலைத் திறந்து பாருங்கள். பயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, லாகின்ஸ் ஆகியவற்றை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டினால் பட்டியல் வரும். குரோம் 109இல் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’, ‘ஆட்டோஃபில்’, ‘பாஸ்வேர்ட் மேனேஜர்’ என்று செல்ல வேண்டும்.

பட்டியல் காலியாக இருந்தால்

குரோமில் பட்டியல் காலியாகிவிட்டாலோ, பெயர்கள் இருந்தும் கடவுச்சொல் திறக்கவில்லை என்றாலோ, அண்மையில் விண்டோஸ் கடவுச்சொல் எப்படி மாற்றப்பட்டது என்று விசாரியுங்கள். நீங்களே பழைய கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதியதை அமைத்திருந்தால் சிக்கல் வராது. விண்டோஸ் சாவியையும் புதிய கடவுச்சொல்லுக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் பழைய கடவுச்சொல் மறந்துபோய், நிர்வாகி கணக்கு வழியாகவோ, பழுது பார்ப்பவர் தம் குறுவட்டு வழியாகவோ அதை மீட்டமைத்திருந்தால், பழைய சாவியை விண்டோஸால் திறக்க முடியாது. பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்துவிட்டால், கணக்கின் கடவுச்சொல்லை மீண்டும் அதுவாகவே மாற்றிப் பாருங்கள். சேமித்தவை திரும்ப வர வாய்ப்புண்டு.

கூகுள் கணக்கோடு குரோம் ஒத்திசைக்கப்பட்டிருந்தால் கவலை குறைவு. கடவுச்சொற்களின் ஒரு நகல் கூகுள் கணக்கில் இருக்கும். அதே கணக்கு உள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குச் சென்று கடவுச்சொல் மேலாளரைத் திறந்து பாருங்கள்.

பயர்பாக்ஸில் பட்டியல் காலியானால், பெரும்பாலும் பொருள் தொலையவில்லை, அறைதான் மாறியிருக்கிறது. 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல், பயர்பாக்ஸின் ஒவ்வொரு நிறுவலும் தனித்தனிச் சுயவிவரத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே வேறு பதிப்பையோ வேறு கோப்புறையிலோ நிறுவியபின் புதிய, காலியான சுயவிவரம் திறக்கலாம். முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, புரொபைல்ஸ் என்று தட்டினால் எல்லாச் சுயவிவரங்களும் தெரியும். ஒவ்வொன்றையும் புதிய சாளரத்தில் திறந்து பார்த்து, கடவுச்சொற்கள் உள்ளதை இயல்பான சுயவிவரமாக அமைத்துவிடலாம். ‘ரிஃப்ரெஷ் பயர்பாக்ஸ்’ பொத்தானை யாராவது அழுத்தியிருந்தால், பழைய தரவு உள்ள கோப்புறை கணினியின் முகப்புத்திரையில் இருக்கும். அதைக் குப்பை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள்.

மின்தடையால் கணினி திடீரென்று அணைந்தால் கோப்பு சிதையவும் கூடும். அவ்வாறு நேர்ந்தால் பயர்பாக்ஸ் சிதைந்த கோப்பின் பெயரோடு ‘கரப்ட்’ என்ற ஒட்டைச் சேர்த்து ஒதுக்கி வைக்கும். பயர்பாக்ஸை மூடிவிட்டு, சுயவிவரக் கோப்புறையில் அந்தக் கோப்பின் பெயரை ‘லாகின்ஸ்.ஜேசான்’ என்று மாற்றிப் பார்க்கலாம். அல்லது அதே கோப்புறையில் ‘லாகின்ஸ்-பேக்கப்’ என்ற கோப்பு இருந்தால் அதை அப்பெயருக்கு மாற்றலாம். அதனோடு சேர்ந்த ‘கீ4.டிபி’ மாறாமல் இருக்க வேண்டும். ஒரு பீரோவின் சாவி இன்னொன்றைத் திறக்காது.

பட்டியலில் இருந்தும் நிரம்பவில்லை என்றால்

உலாவி கடவுச்சொல்லைத் தளத்தின் முகவரியோடு சேர்த்தே சேமிக்கிறது. முகவரி மாறினால் நிரப்பாது. இது குறையன்று, பாதுகாப்பு. வங்கியின் தளம் போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தில் மனிதக் கண் ஏமாறலாம். முகவரியின் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி ஏமாறாது.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று இந்தியாவில் உண்டு. வங்கிகள் தங்கள் இணையதள முகவரிகளைப் ‘புள்ளி பேங்க் புள்ளி இன்’ என்று முடியும் புதிய முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. போலித் தளங்களைத் தடுப்பதே நோக்கம். இத்தகைய மாற்றத்துக்குப் பின், பழைய முகவரியில் சேமித்த கடவுச்சொல் புதிய பக்கத்தில் நிரம்பாது. தீர்வு எளிது. புதிய முகவரி உண்மையானதுதானா என்று வங்கியின் கணக்குப் புத்தகத்திலோ கிளையிலோ உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பட்டியலிலிருந்து கடவுச்சொல்லைப் பார்த்து ஒருமுறை கையால் தட்டுங்கள். சேமிக்கவா என்று உலாவி கேட்கும்போது ஒப்புக்கொள்ளுங்கள். அதன் பிறகு பழைய பதிவை நீக்கலாம்.

சேமிக்கவா என்ற கேள்வியே வரவில்லை என்றால், முன்பு எப்போதோ ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதை அழுத்தியிருக்கலாம். குரோமின் கடவுச்சொல் பக்கத்தில் கீழே அத்தகைய தளங்களின் பட்டியல் இருக்கும். பயர்பாக்ஸில் தனியுரிமை அமைப்புகளில் விதிவிலக்குப் பட்டியல் இருக்கும். அங்கிருந்து தளத்தின் பெயரை நீக்கினால் போதும்.

நிரம்பியும் தளம் ஏற்காவிட்டால்

முதலில், வேறொரு கருவியில் நீங்களோ வீட்டாரோ கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று பாருங்கள். கைபேசியில் மாற்றியது பழைய கணினிக்குத் தெரியாது. பட்டியலில் ஒரே தளத்துக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால், பழையவை குழப்பம் செய்யும். வேலை செய்வதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள்.

இரண்டாவது, விசைப்பலகை. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது தனிச் சிக்கல். தமிழ்99 விசைப்பலகையோ ஒலிபெயர்ப்பு முறையோ இயக்கத்தில் இருக்கும்போது கடவுச்சொல் பெட்டியில் தட்டினால், திரையில் வெறும் புள்ளிகளே தெரியும். ஆங்கில எழுத்து விழுகிறதா, தமிழ் எழுத்து விழுகிறதா என்பது தெரியாது. கடவுச்சொல் அமைத்த அன்று தமிழ் முறை இயக்கத்தில் இருந்தால், சேமிக்கப்பட்டதே வேறொன்றாக இருக்கும். நோட்பேடில் ஒருமுறை தட்டிப் பார்த்து, சரிபார்த்தவுடன் அழித்துவிடுவது நல்ல சோதனை. கேப்ஸ் லாக், நம் லாக் விளக்குகளையும் கவனியுங்கள். கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டால் அதுவும் பிழையே.

மூன்றாவது, கடிகாரம். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் சிஆர்2032 எனப்படும் 3 வோல்ட் பொத்தான் மின்கலம் இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது தீர்ந்துபோனால், மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் காலவரையறை உள்ள ஒரு சான்றிதழ் உண்டு. கணினியின் தேதி அந்த வரையறைக்கு வெளியே இருந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி எச்சரித்து நிறுத்திவிடும். கைபேசிச் செயலி 30 நொடிக்கு ஒருமுறை காட்டும் ஆறிலக்கக் குறியீட்டைப் போன்ற ஒன்றைக் கணினியிலேயே உருவாக்கிப் பயன்படுத்துவோருக்கும், நேரம் பிசகினால் குறியீடு பொருந்தாது. தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். மறுநாளும் பிசகினால் மின்கலத்தை மாற்றுங்கள். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். எழுத்துள்ள பக்கம் எப்படி இருந்ததோ, புதியதும் அப்படியே இருக்க வேண்டும்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், உலாவி மிகவும் பழையதாக இருக்கலாம். சான்றிதழ்களுக்கெல்லாம் மூலமான வேர்ச்சான்றிதழ்களும் காலாவதி ஆகும். 2021 செப்டம்பர் 30 அன்று அத்தகைய வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது பழைய கருவிகள் பலவற்றில் தளங்கள் திறக்கவில்லை. பயர்பாக்ஸிலும் 2025 மார்ச் 14 அன்று ஒரு வேர்ச்சான்றிதழ் காலாவதியானது. 115 வரிசையில் இருப்பவர்கள் 115.13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாற வேண்டும் என்று மொசில்லா அப்போது கூறியது. எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லைக் கொடுப்பது கூடாது.

ஒவ்வொரு முறையும் நுழையச் சொன்னால்

இது கடவுச்சொல் சிக்கலன்று. குக்கீ எனப்படும் நினைவுத் துணுக்கின் சிக்கல். ஒருவர் ஏற்கெனவே நுழைந்துவிட்டார் என்பதைத் தளம் குக்கீ வழியாகவே அறிகிறது. உலாவியை மூடும்போது வரலாற்றையும் குக்கீகளையும் அழிக்கும் தெரிவு இயக்கத்தில் இருந்தால், அடுத்த முறை புதிதாகத்தான் நுழைய வேண்டும். அத்தெரிவை நீக்கினால் சரியாகும். வங்கித் தளங்கள் மட்டும் சில நிமிடங்களில் வெளியேற்றிவிடுவது இயல்பு. அதை மாற்ற முயல வேண்டாம்.

உலாவல் தரவை அழிக்கும்போது மேம்பட்ட பகுதியில் கடவுச்சொற்களுக்கான கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திசைவு இயக்கத்தில் இருந்தால், இங்கே அழிப்பது கைபேசியிலும் அழியும்.

எதுவும் பயனளிக்காதபோது

மீட்க முடியாத நிலையில் தளங்களின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்ற இணைப்பே வழி. இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மின்னஞ்சலை மீட்க வேண்டும். மற்ற தளங்களின் மீட்பு இணைப்புகள் அங்கேதான் வரும். மின்னஞ்சலை மீட்கக் கைபேசி எண் வேண்டும். எனவே சிம் அட்டையை மாற்றும் முன்னரே எல்லாக் கணக்குகளிலும் புதிய எண்ணைப் பதிவு செய்துவிடுவது அவசியம். கைவிடப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கப்படலாம். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.

உலாவியின் நினைவை நம்பி, பழைய மின்னஞ்சலைத் திறக்காமலேயே விட்டுவிடுவதும் ஆபத்து. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023இல் அறிவித்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது நுழைந்து பார்ப்பது பழைய கடிதங்களையும் படங்களையும் காக்கும்.

வேறு இடத்துக்கு மாற்றுதல்

எல்லாம் சரியானதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடவுச்சொற்களைப் பழைய கணினியை மட்டும் நம்பி விடாமல் இன்னோர் இடத்திலும் வையுங்கள். பயர்பாக்ஸ், குரோம் இரண்டிலும் கடவுச்சொல் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளில் ‘எக்ஸ்போர்ட்’ என்ற தெரிவு உண்டு. அது தரும் கோப்பில் அனைத்தும் பூட்டின்றி, யாரும் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். அதைக் கீபாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டக மென்பொருளில் ஏற்றிய உடனே, மறுசுழற்சித் தொட்டியிலிருந்தும் நீக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பவோ வாட்ஸ்அப்பில் பகிரவோ கூடாது.

மென்பொருள் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு ஒரு குறிப்பேடும் தகுந்ததே. இணையத்தின் வழியாக வரும் திருடனால் பீரோவிலுள்ள குறிப்பேட்டைப் படிக்க முடியாது. மின்னஞ்சல், வங்கி, ஓய்வூதியம் ஆகிய மூன்றின் கடவுச்சொற்களை மட்டுமாவது எழுதி, நிலப்பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். கணினியின் மேல் ஒட்டி வைப்பது கூடாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அந்த இடம் தெரிந்திருக்கட்டும். கணவரோ மனைவியோ மருத்துவமனையில் இருக்கும் நாளில் மற்றவர் கட்டணம் செலுத்த அது தேவைப்படும்.

கணினியைக் கைமாற்றும் முன்

பழைய கணினியை விற்கவோ பழுதுபார்க்கக் கொடுக்கவோ நேரும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முதன்மைக் கடவுச்சொல் வைக்காத பயர்பாக்ஸில், பொருளும் சாவியும் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. அக்கோப்புறையை நகலெடுப்பவர் அனைத்தையும் படிக்கலாம். விண்டோஸ் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லாத கணினியில், குரோமில் சேமித்ததை எதிரே அமர்பவர் எவரும் பார்க்கலாம். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் இரண்டுக்கும் பூட்டுப் போடுங்கள். விற்கும் முன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்வதே மிகவும் பாதுகாப்பான வழி. கழற்றிய வன்தட்டு, பின்னர் ஒருநாள் தேடும் படத்தையோ கடிதத்தையோ தரவும் கூடும்.